பிணவறை வாசலில் ஓடிய தண்ணீர்

வேண்டாம் அண்ணாச்சி. எனக்குச் சர்பத் வேண்டாம். ஐஸ் போட்டுவிட்டானா? அப்படியென்றால் நீங்களே குடியுங்கள். எனக்குப் பல் கூச்சம். ரொம்ப வருஷமாக இருக்கிறது. ஐஸ் என்றால் கிளாஸைக் கையில் பிடிக்கக்கூட ஆகாது.

குடியுங்கள். காலையிலிருந்து உங்கள் தொண்டையில் எச்சில்கூட இறங்கியிருக்காது. பெற்ற பிள்ளை அந்தக் கதவுக்குப் பின்னால் கிடக்கிறான். இப்படி நிழலுக்கு வாருங்கள். இந்த சைக்கிள் ஸ்டாண்டுச் சுவர் எனக்குப் பழகிய சுவர். இந்த வட்டாரத்தில் லாக்கப்பில் செத்த எவனும் என்னைத் தாண்டிச் சுடுகாட்டுக்குப் போனதில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். வேறு என்ன இருக்கிறது எனக்கு? பதவியா, பங்களாவா?

நோட்டீஸ் சீனி என்று கேட்டுப்பாருங்கள், ஆஸ்பத்திரிக் காவல்காரனுக்குக்கூடத் தெரியும். சீனிவாசகம் என்பது முழுப்பெயர். மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவன் நான். பள்ளிக்கூடம் என்னை வைத்துக்கொள்ளவில்லை. தொழிலாளர் சங்க ஆபீசில் கட்டுக் கட்டாக நோட்டீஸ் கிடக்கும். அதைப் படித்துத்தான் தமிழ் கற்றேன், சட்டம் கற்றேன், உலகத்தில் எவன் யாரை மிதிக்கிறான் என்பதையும் கற்றேன். பிறகு நானே எழுத ஆரம்பித்தேன். ரோஸ் தாளில் அடித்து, சைக்கிளில் போய், வீடு வீடாகச் சொருகிவிட்டு வருவேன்.

விஷயத்துக்கு வருகிறேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்த ஏட்டு வந்து காகிதத்தை நீட்டுவான். உடலைப் பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துக் கேட்பான். போடாதீர்கள். அதைச் சொல்லத்தான் பஸ் பிடித்து வந்தேன்.

உங்கள் மகன் வைரவன் என்ன தப்புச் செய்தான்? லோடு ஆட்டோவை மறித்தார்கள், பேப்பரைக் காட்டினான், அப்புறமும் காசு கேட்டதற்கு ஏன் என்றான். ஏன் என்று கேட்டவனை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய், விடிந்ததும் நெஞ்சுவலி என்கிறார்கள். முப்பது வயதுகூட ஆகாதவனுக்கு நெஞ்சுவலி! பாதத்தைப் பார்த்தீர்கள் அல்லவா, லத்தி பட்ட இடத்தை? உங்கள் மருமகள் போனில் படம் எடுத்தாள் என்றார்கள். மாஜிஸ்திரேட் வந்து பார்த்திருக்கிறார். இரண்டு டாக்டர்கள், வீடியோவோடு பரிசோதனை. எல்லாம் முறைப்படி முடிந்துவிட்டது என்று வக்கீல் சொன்னாராம். முடிந்துவிட்டதா? அந்த இன்ஸ்பெக்டர் எங்கே? வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். அவன் கைதாக வேண்டும். தில்லியிலிருந்து மனித உரிமை ஆணையத்து ஆட்கள் வர வேண்டும். அதுவரை உடல் உள்ளேயே இருக்கட்டும். உடல் உள்ளே இருக்கும்வரைதான் அண்ணாச்சி நமக்கு மரியாதை, கலெக்டர் போன் எடுப்பான். வெளியே வந்துவிட்டால் அது வெறும் சாவு.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். உங்கள் மருமகள் மடியில் துணிக்கடைப் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே, அதில் என்ன? புது வேட்டியா? அதை உள்ளே எங்காவது வைக்கச் சொல்லுங்கள். பத்திரிகைக்காரன் பார்த்தால், உடலை வாங்க முடிவு செய்துவிட்டார்கள் என்று எழுதுவான். எனக்கும் அந்தப் பையைப் பார்க்க என்னவோபோல இருக்கிறது. அவளும் அப்படித்தான் ஒரு பையோடு உட்கார்ந்திருந்தாள். குருவம்மாள்.

ரொம்ப வருஷத்துக்கு முன்னால் நடந்த மாடக்கண்ணு வழக்கு கேள்விப்பட்டிருப்பீர்களே? இல்லையா? உங்கள் ஊர்ப் பக்கம்தானே. ரோஸ் நோட்டீஸ் வந்திருக்குமே. ‘பிணவறையிலிருந்து ஒரு குரல்’. தலைப்பு நான் போட்டது.

மாடக்கண்ணு சுண்ணாம்புக் காளவாசலில் வேலை பார்த்தவன். எங்கள் சங்கத்தில் உறுப்பினர். கூட்டத்துக்கு வந்தால் பின்னால் நின்று கேட்டுவிட்டு, கேள்வி கேட்காமல் போய்விடுவான். ஒரு தோட்டத்தில் மோட்டார் களவு போயிற்று. யாரோ பேரைச் சொன்னார்கள். எஸ்.ஐ. திரவியம் தூக்கிக்கொண்டு போனான். மறுநாள் இந்த வாசல். அதே நெஞ்சுவலி. போலீசுக்கு வேறு நோயே தெரியாது அண்ணாச்சி.

குருவம்மாள் அவன் பெண்டாட்டி. தீப்பெட்டி ஒட்டுகிறவள். முதல் நாள் உள்ளே விட்டார்கள். போனாள், வந்தாள். அழவில்லை. “பாதத்தத் தொட்டேண்ணே” என்றாள், அவ்வளவுதான். உள்ளூர் டாக்டர் ஒருவர் அறுத்துப் பார்த்துவிட்டு, அதிகாரிகள் சொன்னபடி எதையோ எழுதிக் கொடுத்திருந்தார். அன்றைக்கே நான் அறிவித்தேன்: உடலை வாங்க மாட்டோம். கூட்டம் கைதட்டிற்று. வாசலில் பந்தல் போட்டோம். கோரிக்கைகளைத் தட்டியில் எழுதி நிறுத்தினோம். முதலாவது, கைது. இரண்டாவது, தில்லி விசாரணை. மூன்றாவது, குருவம்மாளுக்கு அரசு வேலை. அதற்குக் கீழே, வெளியூர் டாக்டர்களை வைத்து மறு பரிசோதனை.

அந்த உள்ளூர் டாக்டர் இருக்கிறாரே, அவர் ஒரு கோழை. மறுநாள் கொல்லைப்புறமாக என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். “தோழர், நான் எழுதினது எழுதினதுதான், அத மாத்த எனக்குத் தைரியமில்ல. நீங்க மறு பரிசோதனைக்கு மட்டும் இன்னிக்கே மனு குடுங்க. மதுரைக்கு அனுப்பிடலாம். அக்னி வெயில். வச்சிருந்தா ஒண்ணும் மிஞ்சாது” என்றார்.

எவ்வளவு நைச்சியமாகப் பேசினார் பாருங்கள்! உடலை ஊரைவிட்டே கடத்தப் பார்க்கிறார்கள் என்று எனக்கு விளங்கிவிட்டது. “டாக்டர், அது எங்களுக்கு நாலாவது கோரிக்கை. முதலாவது நிறைவேறாமல் நாலாவதைப் பேச முடியாது. வரிசையை மாற்றினால் போராட்டம் உடைந்துவிடும்” என்றேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அப்போது இங்கே இந்தக் குளிர்ப்பெட்டி எல்லாம் ஏது? ஒரே ஒரு பெட்டி இருந்தது. அதுவும் கெட்டுப்போய், பழைய போர்வைகளைத் திணித்து வைத்திருந்தார்கள். நாங்கள் விட்டுவிடுவோமா? மீன் மார்க்கெட்டிலிருந்து ஐஸ் பார் இறக்கினோம். சங்கத் தோழர்கள் தோளில் சுமந்து வந்தார்கள், மரத்தூளும் தண்ணீருமாகச் சொட்டச் சொட்ட. நானே சுமந்தேன். மூட்டை சுமந்த தோள்தான், ஆனாலும் ஐஸின் கனம் வேறு கனம். உடம்புக்குள்ளே இறங்கிவிடும். உள்ளே அடுக்கிவிட்டு வந்தால் அடுத்த வேளைக்குள் கரைந்துவிடும். கரைந்த தண்ணீர் கதவுக்கு அடியில் வந்து, படியில் இறங்கி, அதோ அந்தச் சாக்கடை வரைக்கும் ஓடும்.

அங்கேதான் அவள் உட்கார்ந்திருப்பாள். பந்தலில் நாற்காலி போட்டிருந்தோம். பெண் தோழர்கள் பக்கத்தில் இருந்தார்கள். மேடையில் அவளுக்கென்று இடமே வைத்திருந்தோம். வந்து உட்கார மாட்டாள். அந்தத் தண்ணீர் ஓடுகிற இடத்தில், மடியில் பையோடு உட்கார்ந்துகொண்டு, தண்ணீரைத் தொட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். நான் அதட்டினேன். “தோழர், இது என்ன மூடத்தனம்? போராட்டத்தைப் படம் எடுக்க வருகிறார்கள், இதையா காட்டுவது?”

அவள் என்னைப் பார்த்து என்ன கேட்டாள் தெரியுமா? “அண்ணே, அவுகளுக்குக் குளிரு ஆகாதுண்ணே. காளவாசல் வெக்கையிலயே கெடந்த ஒடம்பு. மார்கழில கூட ரெண்டு சாக்கப் போத்திக்கிட்டுத்தான் படுப்பாக.”

செத்தவனுக்குக் குளிர் ஏது தோழர் என்றேன். பகுத்தறிவோடு பதில் சொன்னேன். சரியான பதில்தானே அண்ணாச்சி? வேறு என்ன சொல்ல முடியும்?

அப்புறம் தினமும் ஒரே பல்லவி. “குடுக்கச் சொல்லுங்கண்ணே, கொண்டு போறேன்.” சோறு கொண்டு போனால், “குடுத்துருவாகளாண்ணே?” கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் போய் வந்தால், “இன்னிக்குக் குடுத்துருவாகளா?” கொடுக்க அவர்கள் தயார், வாங்க நாங்கள்தான் மறுக்கிறோம் என்பது கடைசிவரை அவள் தலையில் ஏறவேயில்லை. நானும் விளக்கிச் சொல்லிப் பார்த்தேன். நோட்டீசை வாசித்தே காட்டினேன். கேட்டுவிட்டு, “அப்ப நீங்க சரின்னு சொன்னாக் குடுத்துருவாகளாண்ணே?” என்றாள். எப்படி இருக்கிறது பாருங்கள். அரசியல் தெளிவு இல்லாதவர்களோடு போராடுவது அவ்வளவு சிரமம்.

திரவியம் முதலில் பதறினான். நேரில் வந்தான். “தோழரே, கொண்டு போகச் சொல்லுங்க, ஊரெல்லாம் பேசுறாங்க” என்று கெஞ்சினான். என்னிடம் கெஞ்சினான், இந்த மூட்டைக்காரனிடம்! பிறகு பயலுக்கு என்ன தோன்றிற்றோ, அடங்கிவிட்டான். போலீஸ்காரர்களை எல்லாம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டான். “அவங்க இஷ்டம்யா, எத்தன நாள் வேணும்னாலும் வச்சிருக்கட்டும். யாரும் தொந்தரவு பண்ணக்கூடாது” என்று சத்தமாகவே சொன்னான். எதிர்த்த கடையில் உட்கார்ந்து எனக்கு டீ சொல்லி அனுப்பினான். நான் தொடவில்லை. அதிகாரம் மண்டியிட்டதை அன்றைக்குத்தான் கண்ணால் கண்டேன் என்று நோட்டீசில் எழுதினேன்.

நாற்றமா? இருக்கும். இல்லாமல் இருக்குமா? பந்தலை இரண்டு தரம் தள்ளிப் போட்டோம். கூட்டம் குறைந்துபோயிற்று. பெரிய கட்சிக்காரர்கள் மாலையோடு வந்தார்கள், மூக்கில் துண்டை வைத்துப் படம் எடுத்துக்கொண்டு காரில் ஏறினார்கள். நான் நின்றேன். அவள் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் நிறம் மாறிவிட்டது. அதையும் தொட்டாள் அண்ணாச்சி. அதைத்தான் என்னால்…

விடுங்கள். தில்லிக்காரர்கள் வந்தார்கள். வாரம் திரும்பி, மறு வாரமும் பாதி போனபிறகு வந்தார்கள். ஆனால் வந்தார்கள். யார் வரவழைத்தது? அந்த உடல். தலைமையாக வந்தவர் ஒரு பெண் அதிகாரி. உயரமாக, நரைத்த தலையோடு. அவரும் போலீஸ்தான், ஆணையத்துக்கு மாறி வந்தவர் என்றார்கள். போலீசை விசாரிக்கப் போலீசா என்று முதலில் கோஷம் போட்டோம். மொழிபெயர்க்க ஒரு கல்லூரி ஆசிரியை வந்திருந்தார். அந்த அதிகாரி வெளியூர் டாக்டர்களோடு உள்ளே போனார். போன வேகத்தில் வெளியே வந்து குழாயடியில் முகத்தைக் கழுவினார். மறுபடியும் உள்ளே போனார். ரொம்ப நேரம் இருந்தார். அதை நான் மறுக்கவில்லை. தொழில் தெரிந்தவர்.

பிறகு குருவம்மாளைக் கூப்பிட்டார். இந்த நாளுக்காகத்தான் நான் அவளைத் தயார் செய்து வைத்திருந்தேன். என்ன சொல்ல வேண்டும், எந்த வரிசையில் சொல்ல வேண்டும், எல்லாம் மனப்பாடம். நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று தரையில் உட்கார்ந்தாள். அந்த அதிகாரியும் இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார். கேட்டார். இவள் என்ன சொன்னாள்?

“மொத நாளு பாதத்தத் தொட்டேம்மா. வெடிச்ச வெள்ளரிப்பழம் மாதிரி இருந்துச்சு. இப்பப் பாக்க முடியாது. எல்லாம் தண்ணியில கரைஞ்சு வந்துருச்சு, நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். குடுத்துருங்கம்மா. கொண்டு போறேன்.”

கைது இல்லை, வேலை இல்லை, ஒரு கோரிக்கை இல்லை. அத்தனை பேர் அத்தனை நாள் நின்ற போராட்டத்தை ஒரு மூச்சில் கரைத்துவிட்டாள். போலீஸ் அவளை எப்படியோ மிரட்டியிருக்கிறது. எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

அந்த அதிகாரி எழுந்து எங்கள் பக்கம் வந்தார். ஆசிரியை மூலமாகக் கேட்டார்: “உடலை இத்தனை நாள் வைத்திருக்கச் சொன்னது யார்?” எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். நான் முன்னால் வந்தேன். “நான்தான்” என்றேன். நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டு அவர் என்னை வெகு நேரம் பார்த்தார். தில்லி அதிகாரி ஒருவர் ஒரு மூட்டைக்காரனை அப்படிப் பார்த்தார் என்றால், மரியாதை அல்லாமல் வேறு என்ன? இப்போதும் சில நாள் படுத்தால் அந்தப் பார்வை வரும். மரியாதைதான்.

அறிக்கை வந்தது. உடல் இருந்த நிலையில் காயங்களை உறுதிப்படுத்த முடியவில்லை என்று டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். ஐஸ்காரன் ஏமாற்றிவிட்டான் அண்ணாச்சி, ஐஸ் பாரின் நடுவெல்லாம் பொந்து. மின்சாரம் இல்லை, பெட்டி கெட்டுக் கிடந்தது, அரசாங்கம் வேண்டுமென்றே செய்த சதி. எல்லாம் சேர்ந்து திரவியத்தைக் காப்பாற்றிவிட்டது. அவனை எங்கோ மாற்றினார்கள். பிறகு பதவி உயர்வு. டி.எஸ்.பி.யாக ரிட்டையராகி இங்கேயே வீடு கட்டியிருக்கிறான். காலையில் பூங்காவில் நடக்கிறான். என்னைப் பார்த்தால் நின்று கும்பிடுவான். “உங்கள மறக்க முடியுமா தோழர்” என்பான். இன்றைக்கும் பயம் போகவில்லை அவனுக்கு.

இழவுச் சடங்கா? ஏன் கேட்கிறீர்கள்? அது முக்கியமில்லை. கொடுத்தார்கள். பிளாஸ்டிக்கில் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டி, பிரிக்கக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். மேலே நாங்கள் சங்கக் கொடியைப் போர்த்தினோம். பெரிய ஊர்வலம். சுடுகாட்டில் குளிப்பாட்டத் தண்ணீர் கொண்டு வந்திருந்தார்கள், பிளாஸ்டிக் மேலேயே ஊற்றினார்கள். அவள் பையிலிருந்து கோடி வேட்டியை எடுத்தாள். கட்டிவிட முடியாதே. மடிப்புக் கலையாமல் மேலே வைத்தாள். வாய்க்கரிசி போடக் கையில் அரிசியை எடுத்துக்கொண்டு நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். அப்புறம் என்னைப் பார்த்து மெதுவாக, “வாயி எந்தப் பக்கம்ணே?” என்றாள்.

எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் தலைவன் என்று நிற்பவன் தெரியாது என்று சொல்லக் கூடாது. கொடியில் எழுத்து இருக்கிற பக்கம் தலை, என்றேன். அங்கே போட்டாள். சரியாகத்தான் இருக்கும். கொடியை அப்படித்தானே போர்த்துவார்கள்? தலைமாட்டில் எழுத்து வருகிற மாதிரி. தோழர்கள் பழகியவர்கள். சரியாகத்தான் போர்த்தியிருப்பார்கள்.

இல்லையா?

வருஷா வருஷம் நினைவுநாள் நடத்துகிறேன். இப்போது ஐந்தாறு பேர் வருகிறார்கள். அவள் ஒரு தடவைகூட வந்ததில்லை. நன்றி இல்லாதவள் என்று நான் சொல்ல மாட்டேன், அறியாமை. ஒருமுறை நேரில் அழைக்கப் போனேன். மரியாதையாகத்தான் வாங்கண்ணே என்றாள். உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டு வந்து நீட்டினாள். வெறும் பானைத் தண்ணீர். நான் குடிக்கவில்லை. பல் கூச்சம் என்று சொன்னேன். அவள் அந்தச் செம்பை வாங்கி வாசலில் ஊற்றினாள். ஊற்றிய தண்ணீர் ஓடி வந்து என் செருப்பைத் தொட்டது. அவள் வேண்டுமென்று செய்யவில்லை. வாசல் சரிவு அப்படி.

இதோ ஏட்டு வந்துவிட்டான். பார்த்தீர்களா, காகிதத்தோடு? “பெரியவரே, இங்க ஒரு கையெழுத்து” என்பான். அசையாதீர்கள். இன்றைக்கு ஒருநாள் பல்லைக் கடியுங்கள். நாளைக் காலையில் நோட்டீஸ் வந்துவிடும். தலைப்புக்கூட யோசித்துவிட்டேன்.

என்ன கேட்டீர்கள்?

முகமா?

யார், குருவம்மாளா? முகத்தைப் பார்த்தாளா என்று என்ன கேள்வி அண்ணாச்சி இது. அதான் சொன்னேனே, கட்டிக் கொடுத்தார்கள் என்று. முதல் நாள் உள்ளே போனாளே, அப்போது பார்த்திருப்பாள். பாதத்தைத் தொட்டேன் என்றுதான் சொன்னாள், முகத்தை… மூடியிருந்ததோ என்னவோ. நான் கேட்கவில்லை. கேட்கிற நேரமா அது? எவ்வளவு வேலை இருந்தது. ஊர்வலம், தட்டி, நோட்டீஸ்…

ஏன் எழுந்துவிட்டீர்கள்? உட்காருங்கள். உங்கள் மருமகளும் எழுந்துவிட்டாளே. அந்தப் பையை யார் எடுக்கச் சொன்னது? அண்ணாச்சி, அவசரப்படாதீர்கள். வழக்கு கோர்ட்டில் நடக்கும், படம் இருக்கிறது, வீடியோ இருக்கிறது என்கிறீர்கள். இருக்கட்டும். தில்லிக்கு நீங்களே எழுதுவீர்களா? எழுதுங்கள், விலாசம் தருகிறேன். ஆனால் உடல் போய்விட்டால் நமக்கு என்ன பிடி? என்னை எவன் உள்ளே விடுவான்? நான் இந்த வாசலில் நின்று என்ன செய்ய?

போட்டுவிட்டீர்களா. சரி.

சரி, போங்கள். உங்கள் பிள்ளை. நான் யார் தடுக்க? நான் வரவில்லை. இந்தச் சுவரோரமாகவே இருந்துகொள்கிறேன். அந்தக் கதவைத் திறக்கும்போது நான் கிட்ட நிற்பதில்லை. அது ஒரு கொள்கை.

அண்ணாச்சி! ஒரு நிமிஷம். இப்போது எல்லாம் மின்சாரப் பெட்டி, ஒரு சொட்டு வெளியே வராது என்கிறார்கள். ஆனால் இங்கே என் காலடியில் ஈரம் இருக்கிறதே. சர்பத் கொட்டியதா? நீங்கள் கொட்டவில்லையே, கிளாஸ் அப்படியேதானே இருக்கிறது. காய்ந்துதான் கிடக்கிறதா? உங்களுக்குத் தெரியவில்லையா? வயதாகிவிட்டது, கண் சரியில்லை.

ஒன்று மட்டும் செய்யுங்கள். உள்ளே போனதும் தரை ஈரமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள். எனக்காக இல்லை. நோட்டீசில் போட வேண்டும்.